பாட் சம்மிட்டும் 1972ஆம் ஆண்டுச் சட்டமும் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்த பாட் சம்மிட் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். நான் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராகப் பணியாற்றுகிறேன். 38 பருவங்களில் 1,098 வெற்றிகள் என்பது பெரிய சாதனைதான். ஆனால் கல்வி நிலையங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பைக் கட்டாயமாக்கிய ‘டைட்டில் நைன்’ சட்டம் 1972இல் வந்தது. அவர் பொறுப்பேற்றது 1974இல். பணத்தையும் வாய்ப்பையும் சட்டம் தந்துவிட்ட பிறகு, அந்த நாற்காலியில் யார் இருந்திருந்தாலும் இதில் பெரும்பகுதியைச் செய்திருப்பார்கள் அல்லவா? தனியொருவரைத் தாங்கள் அளவுக்கு மீறி உயர்த்திவிட்டதாகத் தோன்றுகிறது.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கேள்வியில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். அந்தச் சட்டம் இல்லையென்றால் பெண் விளையாட்டு வீரர்களுக்குக் கல்வி உதவித்தொகை இல்லை, பெரிய அரங்குகள் இல்லை, சம்மிட் என்ற பெயரும் டென்னசி மாநிலத்துக்கு வெளியே தெரிந்திருக்காது. ஆனால் ஒரு சட்டம் நிறைவேறும் நாளும் அதன் பயன் களத்துக்கு வந்து சேரும் நாளும் ஒன்றல்ல. அந்தச் சட்டத்தின் வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. அதை விளையாட்டுக்கு எப்படிப் பொருத்துவது என்ற விதிமுறைகள் 1975இல்தான் வெளிவந்தன. அவற்றை நடைமுறைப்படுத்தக் கல்லூரிகளுக்கு 1978 வரை அவகாசம் தரப்பட்டது. ஆகவே 1974இல் அந்த நாற்காலியில் பணமும் இல்லை, மதிப்பும் இல்லை.

என்ன இருந்தது என்று பாருங்கள். முதுகலை படித்துக்கொண்டே உதவிப் பயிற்சியாளராக வேலை செய்யலாம் என்று, பல்கலைக்கழகம் இருக்கும் நாக்ஸ்வில் நகருக்கு வந்த 22 வயதுப் பெண்ணிடம், இருந்த பயிற்சியாளர் விலகிக்கொண்டதால், முழு அணியும் ஒப்படைக்கப்பட்டது. மாதச் சம்பளம் 250 டாலர். அணியில் சிலர் அவரைவிட ஓரிரு வயது மட்டுமே இளையவர்கள். வெளியூர் ஆட்டங்களுக்கு வேனை ஓட்டியவர் அவர்தான். ஆட்டம் முடிந்ததும் வியர்வையில் நனைந்த சீருடைகளை அள்ளிச் சென்று துவைத்தவரும் அவர்தான். அந்தச் சீருடைகளே மாணவிகள் டோனட் விற்றுச் சேர்த்த பணத்தில் வாங்கப்பட்டவை. முதல் ஆட்டத்தில் மெர்சர் அணியிடம் 84–83 என்ற கணக்கில், ஒரே ஒரு புள்ளியில் தோற்றார். இதே காலத்தில் அவர் முதுகலைப் பாடங்களைப் படித்தார், வகுப்பெடுத்தார், அடிபட்ட முழங்காலைத் தேற்றிக்கொண்டு 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆடி வெள்ளிப் பதக்கமும் வென்றார். இதைச் சட்டத்தின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

உடற்கல்வித் துறையில் இருப்பவர் என்பதால் இன்னொன்றை நீங்கள் உடனே புரிந்துகொள்வீர்கள். அன்று டென்னசியின் உயர்நிலைப் பள்ளிகளில் பெண்கள் ஆடியது அணிக்கு ஆறு பேர் கொண்ட கூடைப்பந்து. மூவர் ஒரு பாதியில் நின்று பந்தைக் கூடையில் போடுவார்கள். மற்ற மூவர் மறுபாதியில் நின்று தடுப்பார்கள். நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. முழு ஆடுகளத்திலும் ஓடுவதைப் பெண்ணின் உடல் தாங்காது என்ற எண்ணத்தில் பிறந்த விதி அது. அப்படித் தடுப்பாட்டம் மட்டும் ஆடிய ஒரு பெண், பள்ளிப் பருவம் முழுவதும் ஒரு போட்டியில்கூடக் கூடையை நோக்கிப் பந்தை எறியாமலேயே கல்லூரிக்கு வந்து சேர்வாள். அவளை வைத்துக்கொண்டு, களம் முழுக்க ஓயாமல் ஓடி எதிரணியை நெருக்கும் ஆட்டத்தைக் கட்ட வேண்டும். அந்தப் பள்ளி விதி மாற வேண்டும் என்று சம்மிட் வெளிப்படையாகவே பேசினார். 1970களின் இறுதியில் அது மாறியது.

பணம் வந்த பின் என்ன நடந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் பெண்கள் கூடைப்பந்தில் கோலோச்சியவை இமாக்குலட்டா, டெல்டா ஸ்டேட் போன்ற சிறிய கல்லூரிகள். பெரிய பல்கலைக்கழகங்களின் நிதி உள்ளே வந்ததும் அவை பின்தங்கிவிட்டன. இதில் உங்கள் வாதம் சரி. ஆனால் அதே நிதி எத்தனையோ பெரிய பல்கலைக்கழகங்களுக்கும் கிடைத்ததே! அவற்றுள் சம்மிட்டின் காலத்தில் எட்டுத் தேசியப் பட்டங்களை எட்டியது டென்னசி மட்டும்தான். அதுவும் எளிதில் வந்துவிடவில்லை. இறுதிப்போட்டி வரை வந்து தோற்ற ஆண்டுகளைக் கடந்து, 1987இல், அதாவது பதின்மூன்றாவது பருவத்தில்தான், முதல் பட்டம் கைக்கு வந்தது. 1996 முதல் 1998 வரை தொடர்ந்து மூன்று பட்டங்கள். அவற்றில் கடைசிப் பருவத்தில் 39 ஆட்டங்களிலும் வெற்றி.

நாற்காலி என்று சொன்னீர்களே, அதைப் பற்றித்தான் எனக்கு ஆழ்ந்த வருத்தம் உண்டு. 1972இல் அமெரிக்கக் கல்லூரிகளின் பெண்கள் அணிகளுக்குப் பயிற்சியளித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பெண்கள். சட்டம் ஆடுகளத்தைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது. கூடவே சம்பளமும் உயர்ந்தது. சம்பளம் உயர்ந்ததும் ஆண்கள் அந்த வேலைகளுக்கு வரத் தொடங்கினார்கள். தனித்தனியாக இருந்த பெண்கள் விளையாட்டுத் துறைகள் ஆண்கள் துறையோடு இணைக்கப்பட்டு, நியமிக்கும் அதிகாரமும் பெரும்பாலும் ஆண்களிடம் போயிற்று. இன்று பெண்கள் அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்களில் பெண்கள் பாதிக்கும் குறைவு. சட்டத்தின் ஓட்டத்தோடு போனவர் அந்த நாற்காலியில் நிலைத்திருப்பார் என்று எப்படிச் சொல்வது? சம்மிட் 38 ஆண்டுகள் அங்கேயே இருந்தார், உதவியாளர்களாகப் பெரும்பாலும் பெண்களையே வைத்துக்கொண்டார், ஆண்கள் அணிக்குப் பயிற்சியளிக்க அழைப்பு வந்தபோது மறுத்தார். ஆண்கள் அணிக்குப் போவதைப் பதவி உயர்வாகக் கருத அவர் மறுத்ததை, நான் அவருடைய பட்டங்களுக்கு மேலாக மதிக்கிறேன்.

படிப்பு விஷயத்திலும் இப்படித்தான். உதவித்தொகையைச் சட்டம் தரும். மாணவியை வகுப்புக்கு அனுப்புவது சட்டத்தின் வேலை அல்ல. தம் அணியினர் எந்த வகுப்பிலும் முதல் மூன்று வரிசைகளுக்குள் உட்கார வேண்டும் என்பது சம்மிட்டின் விதி. வகுப்புக்குப் போகாதவர் எவ்வளவு சிறந்த ஆட்டக்காரராக இருந்தாலும் அன்று களமிறங்க முடியாது. அவரிடம் தன் விளையாட்டுக் காலத்தை முழுமையாக நிறைவு செய்த ஒவ்வொரு மாணவியும் கல்லூரிப் பட்டம் பெற்றார். உங்கள் கல்லூரி அணியை மனத்தில் வைத்து, இதற்கு எத்தனை காலை நேரங்கள், எத்தனை தொலைபேசி அழைப்புகள், எத்தனை கண்டிப்பான உரையாடல்கள் தேவைப்பட்டிருக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

அவரிடம் எனக்கு உடன்பாடில்லாத இடங்களும் உண்டு. 1990இல் நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்தபோதும், ஒரு மாணவியை அணியில் சேர்ப்பதற்காகப் பென்சில்வேனியாவுக்கு விமானத்தில் போனார். அங்கே பிரசவ வலி கண்டது. வழியில் தரையிறங்க மறுத்து, நாக்ஸ்வில் திரும்பித்தான் மகனைப் பெற்றார். இதைப் பலரும் வீரக்கதையாகச் சொல்கிறார்கள். ஒரு வேலை ஒரு பெண்ணிடம் இவ்வளவு கேட்கலாமா என்ற கவலைதான் எனக்கு எழுகிறது.

2011 ஆகஸ்டில், 59 வயதில், முதுமைக்கு முன்பே தொடங்கும் வகையைச் சேர்ந்த அல்சைமர் என்ற மறதிநோய் தமக்கு இருப்பதை அவரே அறிவித்தார். அறிவித்த பிறகும் ஒரு பருவம் முழுவதும் ஆட்டங்களுக்கு வந்து அணியோடு அமர்ந்தார். களத்தின் அன்றாட முடிவுகளைப் பெரும்பாலும் உதவியாளர்கள் எடுத்தார்கள். 2012 ஏப்ரலில் பொறுப்பிலிருந்து விலகினார். 2016 ஜூன் 28 அன்று, 64 வயதில் மறைந்தார். அவருடைய 1,098 என்ற எண்ணிக்கையை 2020இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டாரா வான்டர்வீர் கடந்துவிட்டார்.

விலகியபோது சம்மிட் தம் ஊதலை ஹோலி வார்லிக் கையில் கொடுத்தார். வார்லிக் 1976 முதல் 1980 வரை அவரிடம் ஆடிய மாணவி. அதன்பின் 27 ஆண்டுகள் அவருக்கு உதவியாளர். 2019இல் அந்தப் பொறுப்புக்கு வந்த கெல்லி ஹார்ப்பரும், தொடர்ந்து மூன்று பட்டங்கள் வென்ற அந்தத் தொண்ணூறுகளின் அணியில் ஆடியவர்தான்.