யோகா மட் தந்தவை, ஆள் தரேல்ல

கேள்வி: அக்கா, நான் கொள்ளுப்பிட்டியில ஒரு ஷிப்பிங் கொம்பனியில அக்கவுண்ட்ஸ்ல வேலை செய்யிறன். 2022 பொருளாதாரப் பிரச்சினைக்குப் பிறகு எங்கட செக்ஷன்ல ரெண்டு பேர் வெளிநாடு போயிட்டினம், அவையின்ட வேலையும் என்ட மேசைக்குத்தான் வந்தது, ஆள் எடுக்கிறம் எடுக்கிறம் எண்டு சொல்லியே காலம் போகுது. ராத்திரி பத்தரைக்கும் பொஸ் வட்ஸ்அப்ல "அந்த இன்வொய்ஸ் என்னாச்சு" எண்டு கேப்பார், ப்ளூ டிக் விழுந்தா பதில் போட்டே ஆகவேணும். போன மாசம் வெல்னஸ் டே எண்டு வச்சு ஆளுக்கொரு யோகா மட் தந்து, பொசிட்டிவ்வா இருங்கோ எண்டு பேச்சும் வச்சவை. அண்டைக்கு விடுபட்ட வேலையை முடிக்க எட்டு மணி மட்டும் இருந்தனான். இப்ப ஞாயிறு பின்னேரமே நெஞ்சு படபடக்குது. எனக்குத்தான் மனத்தைரியம் காணாதோ?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: தங்கச்சி, மனத்தைரியம் காணாட்டி மூண்டு பேற்ற வேலையை இவ்வளவு காலம் ஒராள் இழுத்திருக்க ஏலாது. நீங்கள் அக்கவுண்ட்ஸ்ல இருக்கிறியள், உங்களுக்கே தெரியும், இந்தக் கணக்கு மூச்சுப் பயிற்சியால டாலி ஆகாது.

யோகாவை நான் குறை சொல்லேல்ல, என்ட முதுகு நோவுக்கு அதுதான் கைகுடுத்தது. ஆனா ஃபெக்டரியில மெஷினுக்கு மூடி போடாம வேலையாளுக்குப் பிளாஸ்டர் பெட்டி குடுத்தா ஆரும் ஒத்துக்கொள்ளுவினமோ? அளவுக்கு மிஞ்சின வேலை, தன்ர வேலையில தனக்கே ஒரு சொல்லும் இல்லாத நிலை, ஆர் சொல்றதைக் கேக்கிறது எண்டு தெரியாத குழப்பம், ஆக்களை அவமானப்படுத்துறது, இதுகளை உளசமூக ஆபத்துகள் எண்டு சொல்லுவினம், 2021ல வந்த ஐஎஸ்ஓ 45003 எண்ட சர்வதேச தர வழிகாட்டி இதுகளையும் மற்ற வேலைத்தள ஆபத்துகளைப் போலவே தேடிப் பிடிச்சுத் திருத்தச் சொல்லுது. உலக சுகாதார நிறுவனமும் 2019ல பேர்ன்அவுட்டைப் பற்றிச் சொல்லேக்க அதை நோய் எண்டு போடேல்ல, சரியாக் கையாளாத நாள்பட்ட வேலை அழுத்தத்தால வாற நிலை எண்டுதான் போட்டது. உங்கட எச்ஆருக்கு இது தெரியாமலா இருக்கும்? ஆள் எடுக்கிறதை விட மட் மலிவு, அவ்வளவுதான்.

ஒரு ரெண்டு கிழமைக்கு எக்செல்ல எழுதுங்கோ, என்ன வேலை, எவ்வளவு நேரம் போச்சு, முந்தி அதை ஆர் செய்தது, ராத்திரி எத்தினை மணிக்கு மெசேஜ் வந்தது எண்டு. பொஸ்ஸிட்ட போய் "எனக்கு ஸ்ட்ரெஸ்" எண்டா இன்னொரு மட்தான் கிடைக்கும். ஷீட்டைக் காட்டி "சேர், இந்தக் கிழமை இதில எதை விடலாம், நீங்களே சொல்லுங்கோ" எண்டு கேளுங்கோ, கதைச்சதைப் பிறகு ஈமெயில்லயும் போட்டு வையுங்கோ. ராத்திரியில அவசரம் எண்டா கோல் எடுக்கச் சொல்லுங்கோ, மெசேஜ் தட்டுற கை கோல் எடுக்கக் கொஞ்சம் யோசிக்கும்.

1954ம் ஆண்டுக் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தில சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8, கிழமைக்கு 45 மணித்தியாலம், மிஞ்சினா ஒண்டரை மடங்கு ஓவர்டைம் காசு. எக்சிகியூட்டிவ் எண்டு பதவி போட்டிருந்தா அந்தக் கதை மாறும், அதால நியமனக் கடிதத்தை ஒருக்கா எடுத்துப் பாருங்கோ. உலக சுகாதார நிறுவனமும் ஐஎல்ஓ எண்ட சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021ல வெளியிட்ட ஆய்வில கிழமைக்கு 55 மணித்தியாலமோ அதுக்கு மேலயோ வேலை செய்யிறாக்களுக்கு, 35–40 மணித்தியாலக்காரரை விடப் பாரிசவாத அபாயம் 35 சதவீதம் கூட எண்டு இருக்கு. பொஸ்ஸுக்கு இதையும் சொல்லலாம், அவரும் அந்த நேரத்தில முழிச்சுத்தானே இருக்கிறார்.

படபடப்பும் நித்திரை இல்லாததும் விடாமத் தொடர்ந்தா டொக்டரிட்ட போங்கோ. தேசிய மனநல நிறுவகத்தின்ட 1926க்கு எப்பவும் கோல் எடுக்கலாம். அது அங்கொடை மனநல ஆஸ்பத்திரி எண்டு தயங்க வேண்டாம், ஊரில ஏசுறதுக்கு அந்தப் பேரைப் பாவிச்சுப் பாவிச்சே எத்தினை பேரை உதவி கேக்க விடாமப் பண்ணிட்டம்.

கேள்வி: என்ட டீமில ஒரு தம்பி ரெண்டு மாசமா ஒருத்தரோடயும் கதைக்கிறானில்லை, லேட்டா வாறான். என்னெண்டு கேக்கிறது?
– தெஹிவளை சூப்பர்வைசர்

பதில்: எல்லாருக்கும் முன்னால கேக்க வேண்டாம். ஒரு பிளேன்டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போய், "கொஞ்ச நாளா நீ முந்தின மாதிரி இல்லை, வேலையில ஏதும் மாத்தினா உதவியா இருக்குமோ" எண்டு கேட்டுப்போட்டுப் பேசாம இருங்கோ. என்ன வருத்தம் எண்டு துருவ வேண்டாம். அவன் சொன்னது லஞ்ச் மேசைக்குப் போகக்கூடாது. நேரம் மாத்திக் குடுக்கிறன் எண்டு சொன்னா அந்தக் கிழமையே மாத்திக் குடுங்கோ.

கேள்வி: மனேஜர் மீட்டிங்ல எல்லாருக்கும் முன்னால கத்துறார். "அவர் அப்பிடித்தான், மனசில ஒண்டுமில்லை" எண்டினம். பொறுக்கிறதா?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: அவற்ற மனசில ஒண்டுமில்லாம இருக்கலாம், கேட்டவற்ற மனசில இருக்குதே. திகதி, சொன்ன வார்த்தை, ஆர் ஆர் இருந்தவை எண்டு அண்டண்டைக்கே எழுதி, இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு எழுத்தில எச்ஆருக்குக் குடுங்கோ. தனியாப் போனா "நீங்கள் சென்சிட்டிவ்" எண்டு அனுப்பிவிடுவினம்.