−1 பாகையில் நிற்கும் பனி இயந்திரம் +1 பாகையில் ஓடுவது ஏன்?

கேள்வி: பேர்ன் நகரில் வசிக்கிறோம். நத்தார் விடுமுறையில் பிள்ளைகள் இருவரோடு கிரின்டெல்வால்டுக்கு ஸ்கீ செய்யப் போக எண்ணம். போன வருடம் ஒரு நாள் −1 பாகை குளிரிலும் பனி இயந்திரங்கள் சும்மா நின்றன. இன்னொரு நாள் +1 பாகையில் முழுவீச்சில் ஓடின. இணையத்தில் ‘கீழே 0 செ.மீ., மேலே 40 செ.மீ.’ என்று போட்டிருந்தார்கள், ஆனால் பிஸ்டே (சறுக்கும் பாதை) கிராமம்வரை திறந்திருந்தது. இதை எப்படி விளங்கிக்கொள்வது? செயற்கைப் பனி என்றால் வெறும் ஐஸ் என்கிறார்களே, பிள்ளைகளுக்கு ஆபத்தில்லையா?

பதில்: முதலில் அந்த இரண்டு நாள் கணக்கு. வெப்பமானியை மட்டும் பார்த்து யாரும் பனி செய்வதில்லை. காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். இயந்திரத்திலிருந்து சீறி வரும் துளிகளில் ஒரு சிறு பங்கு ஆவியாகும். ஆவியாகிப் போகும்போது மிச்சத் துளியின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். காற்று காய்ந்திருந்தால் துளி வேகமாகக் குளிரும், ஈரம் நிறைந்திருந்தால் குளிராது. வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்துச் சொல்லும் அளவுக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். அது ஏறத்தாழ −2.5 பாகைக்குக் கீழே இறங்கினால்தான் வேலை தொடங்கும்.

இதை நீங்களே கணக்கிடலாம். பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலைகளில், ஈரப்பதம் 100 விழுக்காட்டிலிருந்து குறையும் ஒவ்வொரு 10 விழுக்காட்டுக்கும் 0.5 முதல் 0.6 பாகை கழித்துக்கொள்ளுங்கள். −1 பாகை, ஈரப்பதம் 90 என்றால் விடை −1.5, பனி வராது, ஈரத் தூறல்தான் விழும். +1 பாகை, ஈரப்பதம் 30 என்றால் −3ஐ ஒட்டி வரும், ஓட்டலாம். நீங்கள் முதலில் பார்த்தது மூட்டமான ஈர நாளாகவும், இரண்டாவது காய்ந்த வெயில் நாளாகவும் இருந்திருக்கும். சுவிஸ் வானிலை நிறுவனமான மேட்டியோஸ்விஸ் வெளியிடும் நிலைய அளவீடுகளில் ஈரப்பதமும் உண்டு. கிராமத்துக்கும் மலைக்கும் தனித்தனியாகப் பாருங்கள்.

குளிர் போதுமானதாக இருந்தும் இயந்திரம் நிற்கும் நாட்கள் உண்டு. −3இல் ஓட்டினால் மின்செலவு கிட்டத்தட்ட அதேதான், ஆனால் நீரை மெல்லத்தான் விடமுடியும். −8இல் அதே இயந்திரம் பல மடங்கு பனி கொட்டும். அடுத்த இரண்டு இரவுகள் நன்றாகக் குளிரும் என்று முன்னறிவிப்பு சொன்னால், இன்றைக்கு அரைகுறையாக ஓட்டாமல் காத்திருப்பதே புத்தி. நீரும் அளந்துதான் செலவாகும். 1 ஹெக்டேர் சரிவில் 30 செ.மீ. பரப்ப 3,000 கன மீட்டர் பனி வேண்டும். இந்தப் பனியின் அடர்த்தி கன மீட்டருக்கு 400 முதல் 500 கிலோ என்பதால், 12 முதல் 15 லட்சம் லீட்டர் நீர் போகும். காற்று அள்ளிக்கொண்டு போவது தனிக்கணக்கு. கிரின்டெல்வால்டுக்கு மேலே உள்ள கணவாயான கிளைன ஷைடெக்கிலிருந்து மேலே நடந்தால் வரும் ஃபால்போடன் ஏரியில் கோடையில் எல்லோரும் நின்று படம் எடுப்பார்கள். அது பனி செய்வதற்காகவே கட்டிய நீர்த்தேக்கம். பருவத் தொடக்கத்தில் அடித்தளப் பனி போடும்போதே தேக்கங்களின் நீர் பெருமளவு போய்விடும். ஜனவரியில் குளிர் வந்தும் இயந்திரம் ஓடவில்லை என்றால் மீதி நீரை எண்ணிப் பாருங்கள்.

பனி நல்லதா கெட்டதா என்பது துளி காற்றில் இருக்கும் அந்தச் சில நொடிகளில் தீர்ந்துவிடுகிறது. சுத்தமான நீர்த்துளி பூச்சியத்துக்குக் கீழே போனாலும் உடனே உறைந்துவிடாது. பற்றிக்கொள்ள ஒரு கரு வேண்டும். அதனால் விசிறி இயந்திரத்தில் இரண்டு வகை முனைகள் இருக்கும். சில முனைகள் அழுத்தக் காற்றையும் நீரையும் கலந்து நுண்ணிய ஐஸ் கருக்களைத் துப்பும். மற்றவை வெறும் நீரைத் தெளிக்கும். விசிறி இரண்டையும் கலந்து தூர வீசும், துளி கருவைப் பிடித்துக்கொண்டு உறையும். உயரக் கம்பம்போல நிற்கும் லான்ஸ் வகையில் விசிறி கிடையாது. 10 மீட்டர் வரையான உயரத்திலிருந்து விழும் நேரத்தில் துளி உறைந்தாக வேண்டும். மின்சாரம் குறைவாகத்தான் தேவைப்படும், ஆனால் பலமாகக் காற்றடித்தால் பனி காட்டுக்குள் போய் விழும்.

இரவில் சுற்றிவரும் பணியாளர் பனி விழும் இடத்தில் நின்று ஜாக்கெட் கையை நீட்டுவார். துகள் கையில் பட்டுத் தெறித்து உருண்டு ஓடினால் காய்ந்த பனி. ஒட்டிக்கொண்டு கண்ணாடிபோல மினுங்கினால் ஈரம் கூடிவிட்டது, நீரைக் குறைக்க வேண்டும். அந்த நேரத்தில் குறைக்காமல் விட்டால் அடியில் நீலநிறப் பாளம் உருவாகும். பின்னால் எத்தனை முறை இழுத்துச் சமன் செய்தாலும் அது மீண்டும் மீண்டும் மேலே வரும். நல்ல பனியையும் உடனே பரப்புவதில்லை. குவியலாகவே ஒன்றிரண்டு நாள் விட்டு, நீர் வடிந்த பிறகுதான் பாதையைச் சமன் செய்யும் பிஸ்டே வண்டி தள்ளிப் பரப்பும். அவசரத் திறப்பு நாட்களில் இந்த வடிப்பு நேரத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள். திறந்த முதல் நாளே ஓடிப்போகாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி அந்த ‘0 / 40’. இந்த எண்கள் பெரும்பாலும் ஓர் அளவிடத்தில் கிடக்கும் இயற்கைப் பனியைச் சொல்பவை. நீங்கள் சறுக்கும் பாதையில் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு. புல்சரிவில் இயந்திரப் பனி 30 செ.மீ. இருந்தாலே பாதை திறக்கலாம். கன மீட்டருக்கு 100 கிலோ உள்ள புதுப்பனி அதே எடைக்கு 1.2 முதல் 1.5 மீட்டர் வரை விழவேண்டும். எனவே சென்டிமீட்டரை விட்டுவிட்டு, மொத்தக் கிலோமீட்டரில் எத்தனை திறந்திருக்கிறது, கிராமம்வரை இறங்கும் ‘டால்அப்ஃபார்ட்’ திறந்ததா என்று பாருங்கள். அது மூடியிருந்தால் கேபிள் காரில்தான் இறங்கவேண்டும், மாலையில் வரிசை நீளும். பனி நிலை பற்றிய சொற்களில் ‘க்ரிஃபிக்’ என்றால் ஸ்கீயின் விளிம்பு நன்றாகப் பிடிக்கும் பனி, குடும்பத்துக்கு மிக நல்லது. ‘ஹார்ட்’ என்றால் காலையில் கவனம். ‘சுல்ஸ்’ என்றால் உருகிக் குழைந்த பனி, பிற்பகலில் முழங்காலைச் சோதிக்கும்.

ஐஸ் என்ற புகாருக்கு வருகிறேன். பாதி உண்மை. இயந்திரப் பனியின் துகள் ஆறு கிளை விரித்த படிகம் அல்ல, சின்னஞ்சிறு உருண்டை. நெருக்கமாகச் செறியும், கெட்டியாக இருக்கும், மெதுவாக உருகும். ஆனால் அது தன்னளவில் ஐஸ் அல்ல. மாலையில் வண்டி சமன் செய்த பிறகு துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிணைய சில மணி நேரம் வேண்டும். காலையில் அதன்மேல் விளிம்பு அழகாகப் பிடிக்கும். கெடுப்பது நெரிசல். பனி குறைந்த நாட்களில் எல்லோரும் ஒரே ஒடுங்கிய பாதையில் இறங்குவார்கள், பக்கவாட்டில் சுரண்டி மேல்பனியை ஓரத்துக்குத் தள்ளுவார்கள். பிற்பகல் 2 மணிக்கு நடுவில் மிஞ்சுவது வழவழப்பான அடித்தளம். பக்கத்து வெங்கனில் ஜனவரியில் நடக்கும் லாவ்பர்ஹார்ன் போட்டிபோன்ற பாதைகளை நீர் பாய்ச்சியே இறுக்குவார்கள். தொலைக்காட்சியில் மின்னும் அந்தப் பாதையை விருந்தினர் பாதையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

புறப்படும் நாளுக்கு முந்தைய இரவு வானத்தைப் பாருங்கள். மேகமில்லாவிட்டால் பனிப்பரப்பு தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். காற்று +2 ஆனாலும் மேற்பரப்பு இறுகிவிடும். மேகம் மூடிய +1 பாகை இரவு மோசமானது, ஒன்றும் உறையாது, விடிகாலையிலேயே கஞ்சிபோல் இருக்கும். டிசம்பரில் தலைகீழ் அடுக்கும் வரும். பள்ளத்தாக்கில் −5, மேலே மென்லிஹென் மலையில் +4 என்று இருக்கலாம். அப்போது இயந்திரங்கள் கிராமத்தில் ஓடும், மேலே நிற்கும். கிராமத்துக்கு மேலே உள்ள இன்னொரு ஸ்கீ பகுதியான ஃபிர்ஸ்ட் பக்கம் தெற்கு நோக்கியது, பனி குறைந்த ஆண்டில் முதலில் அங்கேதான் புல் தெரியும். ஷைடெக், மென்லிஹென் பக்கம் அதிக நாள் தாங்கும்.

பிள்ளைகளுக்கு: வாடகைக் கடையில் விளிம்பு தீட்டிய ஸ்கீயைக் கேட்டு வாங்குங்கள். மழுங்கிய விளிம்போடு கெட்டிப் பனியில் விட்டால் எந்தப் பிள்ளையும் பயந்துவிடும். காலையில் திறந்தவுடனேயே மேலே போங்கள், 11 மணிக்குள் முக்கியச் சறுக்கலை முடியுங்கள், பிற்பகலில் எளிதான நீலப் பாதையிலும் ஒடுங்கிய இணைப்புகளைத் தவிருங்கள். ஓடும் இயந்திரத்தின் முன்னால் புதிதாக விழுந்த பனி ஸ்கீயைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும், ஆள் முன்னால் கவிழ்வது அங்கேதான். பின்பாரமாகச் சாயாமல், முழங்காலைச் சற்று மடித்து, நேராகக் கடந்துவிடுங்கள், நடுவில் நிற்காதீர்கள். கண்ணாடியில் துளி உறைந்தால் கையுறையால் தேய்க்க வேண்டாம், கீறிவிடும். தூரப் போய் நின்று உருகவிட்டு மெல்லிய துணியால் ஒற்றுங்கள்.

மாலையில் மூடிய பிறகு பாதையில் ஒருபோதும் இறங்கக்கூடாது. செங்குத்துச் சரிவில் பிஸ்டே வண்டியைக் கட்டியிழுக்கும் கம்பிவடம் ஒரு கிலோமீட்டர் வரை நீளும். இருட்டில் அது தெரியாது, தளர்ந்து கிடந்தது திடீரென விறைத்து எழும்.

டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கினால் மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் பனி சரியில்லை என்பதற்காகப் பணம் திரும்பும் என்று நம்பிவிடாதீர்கள், விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள். நாளை மாற்ற வசதி இருந்தால் இரண்டு மூன்று தெளிந்த குளிர் இரவுகளுக்குப் பிறகு வரும் வார நாளைத் தேர்ந்தெடுங்கள். நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடைப்பட்ட நாட்களில்தான் நெரிசல் உச்சம். 24ஆம் தேதிக்கு முன்பே போக முடியுமானால் போய்விடுங்கள்.