ஒரேயடியா நிறுத்தாதீங்க, தங்கச்சி

14 மாசப் பையனுக்குத் தாய்ப்பாலை நிறுத்தணும்னு 2 நாளா கொடுக்கலை, மார்பு கல்லாட்டம் கட்டிக்கிச்சுன்னு எழுதியிருக்கீங்க. நானும் அந்த வலியை அனுபவிச்சவதான்.

பால் உள்ளே தேங்கத் தேங்க சுரப்பு தானா குறையும். ஆனா மொத்தமா தேங்கவிட்டா கட்டிக்கும். அதனால இறுக்கம் தளர்ற அளவு மட்டும் பீச்சி விடுங்க. பையன் கொஞ்சம் குடிச்சாலும் தப்பில்லை. முழுசா எடுத்தா மறுபடி அவ்வளவும் ஊறும். குளிர்ந்த ஈரத்துணியை வெச்சா எரிச்சல் அடங்கும். மாமியார் சொன்னாலும் துணியால இறுக்கிக் கட்டாதீங்க.

வலி தணிஞ்சதும் மத்த வேளையெல்லாம் கொடுத்துக்கிட்டே, பகல்ல ஒரு வேளையை மட்டும் நிறுத்துங்க, 3-4 நாள் கழிச்சு அடுத்தது. தூங்கப்போற நேரத்துப் பாலைக் கடைசியா நிறுத்துங்க, பிள்ளை ஏங்காது.

காய்ச்சல் வந்தாலோ மார்பு செவந்து கொதிச்சாலோ இன்னைக்கே டாக்டரைப் பாருங்கம்மா.