தீனியை மாற்றினால் சிறுநீரகம் பழுதாகுமா?

கேள்வி: ஆய்வுக்கூடங்களில் சுண்டெலிகளுக்குத் தீனியை மாற்றிக் கொடுத்தே நாள்பட்ட சிறுநீரக நோயை வரவழைக்கிறார்கள் என்று படித்தேன். அது எப்படி? அதில் கலக்கும் பொருள் நம் உணவிலும் உண்டா?

பதில்: நீங்கள் படித்தது அடினின் கலந்த தீனியைப் பற்றியதாக இருக்க வேண்டும். அடினின், மரபுப்பொருளான டி.என்.ஏ.வை ஆக்கும் நான்கு காரங்கள் (base) என்னும் வேதிக்கூறுகளுள் ஒன்று. நாம் உண்ணும் காய்கறியிலும் இறைச்சியிலும் இருப்பதுதான். இயல்பான அளவில் வரும் அடினினை ஏ.பி.ஆர்.டி. என்னும் நொதி மீட்டெடுத்து உடலுக்குப் பயன்படச் செய்துவிடும். தீனியில் கிலோவுக்கு 2 கிராம் வீதம் கலந்து கொடுக்கும்போது அந்த நொதியால் சமாளிக்க முடியாமல் மிஞ்சுவது, வேறொரு நொதியால் 2,8-டைஹைட்ராக்ஸிஅடினின் என்னும் கரையாப் பொருளாக மாறி, சிறுநீரக நுண்குழாய்களில் படிகங்களாக அடைத்துக்கொள்கிறது. சில வாரங்களில் அழற்சியும் தழும்பும் பரவி, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகளான யூரியாவும் கிரியேட்டினினும் இரத்தத்தில் ஏறி, இரத்தசோகையும் வந்துவிடும். திசுவைச் சீவி முனைவாக்கப்பட்ட ஒளியில் நுண்ணோக்கியால் பார்த்தால், அந்தப் படிகங்கள் பளிச்சென்று மின்னும்.

1980களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் பெரிய எலிகளில் கையாண்ட முறை இது. சிறுநீரகங்களில் ஆறில் ஐந்து பங்கை வெட்டி நீக்கும் பழைய முறையில் பல விலங்குகள் இறந்துபோகும் என்பதால், கத்தி வைக்காத இந்த வழி பலருக்கும் உகந்ததாயிற்று. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. அதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அடினினின் வாடையும் சுவையும் பிடிக்காமல் சுண்டெலிகள் தீனியை ஒதுக்கி இளைத்துவிடும். அப்போது தெரியும் மாற்றம் நோயால் வந்ததா, பட்டினியால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. அதனால்தான் வாடையை மறைக்கக் கேசீன் என்னும் பால்புரதம் சேர்த்த தீனியைப் பயன்படுத்துகிறார்கள். ஒப்பீட்டுக்கு வைத்த எலிகளுக்கும், நோயுற்றவை தின்ற அளவையே நிறுத்துக் கொடுப்பதும் உண்டு. இந்தக் கவனம் இல்லாத ஆய்வின் முடிவை நம்பத் தயங்குவேன்.

நீரிழிவால் வரும் சிறுநீரக நோய் பெரும்பாலும் இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய வடிமுடிச்சுகளில் தொடங்குகிறது. இதுவோ நுண்குழாய்களில் தொடங்குவது. ஆகவே இந்த எலிகளில் பலித்த மருந்து நீரிழிவு நோயாளிக்கும் பலிக்கும் என்று சொல்லிவிட முடியாது.

உங்கள் உணவில் உள்ள அடினினுக்கு அஞ்ச வேண்டாம். பிறவியிலேயே ஏ.பி.ஆர்.டி. நொதி இல்லாத மிகச் சிலருக்கு மட்டும் இதே படிகங்கள் கல்லாகத் திரண்டு சிறுநீரகத்தைக் கெடுக்கும். அவர்களுக்கு, யூரிக் அமிலத்தைக் குறைக்கத் தரும் அல்லோபியூரினால் மாத்திரையே அந்தப் படிகங்கள் உருவாவதைத் தடுக்கிறது.