ஒன்றரை சென்ட் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தரங்கம்பாடிப் பக்கம் விவசாயம் செய்கிறேன். பரம்பரை லுத்தரன். சென்ற மாதம் ஓர் எழுப்புதல் கூட்டத்தில், ஆண்டவர் வாசற்படியில் நின்று தட்டுகிறார் என்ற வசனத்தை வைத்துப் பிரசங்கித்தார்கள். அழுதுகொண்டே முன்னால் போய் முழங்காலிட்டேன். "அவர் உள்ளே வந்துவிட்டார், இனி பழையதைத் திரும்பிப் பார்க்காதீர்கள்" என்றார் பிரசங்கியார். ஆனால் ஒன்று உறுத்துகிறது. அண்ணன் இறந்தபின், வருடாவருடம் வரப்போரத்தைச் சீவி அண்டை வெட்டும்போது வரப்பை அண்ணி நிலத்துப் பக்கம் தள்ளிக்கொண்டே போனேன். மொத்தம் ஒன்றரை சென்ட் கூடத் தேறாது. மன்னிப்புக் கிடைத்த பிறகும் இதை நினைத்துக்கொண்டிருப்பது அவிசுவாசமா?

ச.

அன்புள்ள ச.,

அவிசுவாசம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அந்த வசனம் வெளிப்படுத்தின விசேஷம் 3-ல், லவோதிக்கேயா சபைக்குச் சொல்லப்பட்டது. அதாவது, ஏற்கனவே விசுவாசிகளாக இருந்தவர்களின் கதவைத்தான் அவர் தட்டுகிறார். உங்களுக்கு இரவில் கேட்பது அந்தச் சத்தமாகவே இருக்கலாம்.

வரப்பு எப்படி நகரும் என்பது டெல்டாக்காரனுக்குத் தெரியும். நம் பக்கத்தை மண்வெட்டியால் ஒரு விரற்கடை அதிகமாகச் சீவுவது. நண்டு வளையை அடைக்கிற சாக்கில் அடுத்த பக்கம் சேற்றை அப்புவது. ஒரு போகத்தில் யார் கண்ணிலும் படாது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டில் இருக்கிற விதவைக்கு எந்தக் காலத்திலும் படாது. இந்தக் களவு வேதாகமத்துக்கும் புதிதில்லை. பிறனுடைய எல்லைக்குறியைத் தள்ளிவைக்கிறவன் சபிக்கப்பட்டவன் என்று உபாகமம் 27 சொல்கிறது. நீங்கள் சொன்ன ஒன்றரை சென்ட் கணக்கை அங்கே யாரும் கேட்பதில்லை.

சகேயுவின் கதையை லூக்கா 19-ல் மறுபடி வாசியுங்கள். எரிகோவின் வரிவசூல் தலைவன். காட்டத்தி மரத்தில் ஏறியிருந்தவனிடம் இயேசு, வாங்கியதைத் திருப்பிக் கொடு, பிறகு வருகிறேன் என்று சொல்லவில்லை. இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்கிறார். ஊர் முணுமுணுக்கிறது. அதற்குப் பிறகுதான் சகேயு எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்கிறான். தானாக அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்பது எண்ணாகமம் 5-ன் சட்டம். அவன் அதற்கு மேலேயே போகிறான். அழைப்புக்கு விலை என்று அவன் அதைக் கொடுக்கவில்லை. வந்தவர் முன்னால் அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு உட்கார அவனால் முடியவில்லை. உங்களுக்கும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

கூட்ட மேடைகள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. மனந்திரும்புதலை ஓர் இரவில் முடித்துக் கணக்கை மூடிவிடுகிறார்கள். 1706 ஜூலை 9 அன்று ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு உங்கள் ஊர்க் கரையில் வந்திறங்கியது லுத்தரின் மரபோடு. 1517-ல் லுத்தர் எழுதிய 95 கூற்றுகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்பதுதான். பரம்பரை லுத்தரனான உங்களுக்கு இதை நான் எழுதவேண்டியிருப்பது வேடிக்கை.

இனி செய்யவேண்டியது. மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வருவதற்குள், வயல் காய்ந்து கிடக்கும்போதே நில அளவைக்கு மனுக் கொடுங்கள். புல வரைபடப்படி அளந்து கல் நடட்டும். ஆனால் அதற்கு முன்பே அண்ணியிடம் போய்ச் சொல்லிவிடுங்கள்; சர்வேயர் வந்து நிற்கும்போதுதான் அண்ணிக்கு விஷயம் முதன்முதலாகத் தெரியவந்தது என்று ஆகக்கூடாது. பிரசங்கியாரையோ சபை மூப்பர்களையோ துணைக்கு அழைத்துப் போகாதீர்கள். அவர்கள் முன்னால் அந்த அம்மாளால் மன்னிக்கமாட்டேன் என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. இத்தனை வருட விளைச்சலையும் கணக்குப் போட்டு, ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து எடுத்துப் போங்கள். திட்டினால் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டத்தில் அழுததை மட்டும் அங்கே சொல்லவேண்டாம்.