மண்டரின் மீன் வாங்க முன் அதன் சாப்பாட்டைப் பாருங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறோம். 60 லீட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்றை நான்கு மாதங்களுக்கு முன் தொடங்கினேன். இரண்டு குளவுன் மீன், கொஞ்சம் சொஃப்ட் கோரல், ஆறேழு கிலோ லைவ் ரொக் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடற்கல்) இருக்கின்றன. மூன்று கிழமைக்கு முன் ஒரு மண்டரின் மீன் வாங்கினேன். “கல்லில் இருக்கிற பாசியைத் தின்னும், தனியாகத் தீனி போடத் தேவையில்லை” என்றார் கடைக்காரர். நாள் முழுக்கக் கல்லைக் கொத்திக்கொண்டுதான் திரிகிறது, ஆனால் மெலிந்துகொண்டே போகிறது. பெலட் என்ற உருண்டைத் தீனியைத் திரும்பியும் பார்ப்பதில்லை. கடையில் காசைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: காசு இருக்கட்டும், முதலில் மீனைப் பார்ப்போம். அதற்கு அவகாசம் குறைவு.

மண்டரின் பாசி தின்பதில்லை. கல்லில் படிந்த பாசிக்குள் ஒளிந்திருக்கும் கொபிபொட் என்ற நுண்ணிய உயிரினத்தைத்தான் அது கொத்துகிறது. கூனி இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர்கூட இராது. பார்க்கிறவருக்குப் பாசி மேய்வதுபோலவே தெரியும். கடைக்காரரும் அப்படி நினைத்தே சொல்லியிருக்கலாம், பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விற்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

வாய் சின்னது. காலையிலிருந்து மாலைவரை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்னும். ஆறேழு கிலோ கல்லில் பிறக்கிற கொபிபொட்டைவிட அது தின்கிறது அதிகம். அதனால்தான் முதல் கிழமைகளில் எல்லாம் சரிபோல இருந்து, பிறகு வயிறு ஒட்டத் தொடங்குகிறது. இந்த மீனுக்கு 200 லீட்டருக்குக் குறையாத, ஒரு வருடமாவது ஓடிய தொட்டி வேண்டும் என்பார்கள். உங்களுடையது அதில் மூன்றிலொரு பங்குகூட இல்லை, வயதும் நான்கு மாதம். போதாததற்கு இது நம் கடல் மீனே அல்ல. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கத்தது. பிடித்தவர், ஏற்றுமதியாளர், விமானம், கொழும்புக் கடை என்று கை மாறி வரும்போதே பாதிப் பட்டினியோடுதான் வந்து சேரும்.

இன்றே ஆர்ட்டீமியா என்ற சின்ன உப்புநீர் இறாலின் முட்டை வாங்கிப் பொரிக்க வையுங்கள். விலை கூடிய கடலுப்பு தேவையில்லை. ஒரு லீட்டர் தண்ணீருக்குக் கறியுப்பு 25 கிராம், ஒரு சிட்டிகை அப்பச்சோடா, ஓர் ஏர் பம்ப், ஒரு போத்தல், அவ்வளவுதான். குளிர்நாட்டுக்காரர் இதற்கு ஹீட்டர் வைக்கிறார்கள். நமக்குக் கொழும்புப் புழுக்கமே போதும், ஒரு நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் கோது மேலே மிதக்கும். ஒரு பக்கத்தில் டோர்ச் பிடித்தால் குஞ்சுகள் அங்கே திரளும். குழாயால் உறிஞ்சி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். பொரிந்த சில மணி நேரத்துக்குள் கொடுப்பது நல்லது. நேரம் போகப்போகக் குஞ்சு தன் உடம்பிலுள்ள மஞ்சட்கருவைத் தானே தின்று தீர்த்துவிடும், பிறகு அதில் சத்து மிஞ்சாது.

தொட்டிக்குள் அப்படியே ஊற்றினால் குளவுன் மீன்கள் முந்திவிடும். குஞ்சுபோட்ட மீனைப் பிரித்து வைக்கும் வலைப்பெட்டி இருக்கிறதே, அதற்குள் மண்டரினை விட்டு, பம்பை நிறுத்தி, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கொடுங்கள். அதைத் தின்னத் தொடங்கினால் ஃபுரோசன் சைக்ளொப்ஸை (உறையவைத்த ஒருவகைக் கொபிபொட்) கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கலாம். சில மண்டரின் பழகும், சில சாகும்வரை பழகாது. நானே ஒன்றை அப்படிப் பறிகொடுத்தவன். அது தெஹிவளையில் வாங்கியது, இரண்டு மாதம்கூட இருக்கவில்லை. உங்களுக்குத் தெரிந்த யாரிடமாவது நாலடிப் பழைய தொட்டி இருந்தால் மீனை அங்கே கொடுத்துவிடுவதுதான் என் விருப்பம்.

இனிக் காசு. பற்றுச்சீட்டு இருக்கிறதா? கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. வாங்குகிறவரைத் தவறாக வழிநடத்தி விற்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், ஆனால் வாங்கி மூன்று மாதத்துக்குள். தொலைபேசி 1977. சட்டம் அப்படி. நடைமுறையில், வாய்ப்பேச்சை நிரூபிப்பது கஷ்டம்; “நீங்கள்தான் சரியாக வளர்க்கவில்லை” என்று ஒரு வரியில் தட்டிக்கழித்துவிடுவார்கள். அதனால் முதலில் போய்ச் சண்டையில்லாமல் கதையுங்கள். மீன் உயிரோடு இருக்கும்போதே எடுத்துப்போனால், பெலட் தின்னும் ஒரு கோபி மீனுக்கு மாற்றித்தரப் பல கடைக்காரர் சம்மதிப்பார்கள். செத்தபிறகு போனால் பேச ஒன்றுமில்லை.

அடுத்த முறை எந்த மீனாக இருந்தாலும், காசு கொடுக்க முன் “இதற்குத் தீனி போட்டுக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், புடவைக் கடையில் பத்துச் சேலை விரிக்கச் சொல்கிறோம்தானே. கண்முன்னே தின்னாவிட்டால் வாங்காதீர்கள். மேலிருந்தும் ஒருமுறை பாருங்கள்: தலைக்குப் பின்னால் உடம்பு தலையைவிட ஒடுங்கியிருந்தால் அது ஏற்கெனவே பட்டினி.

கேள்வி: சிறிய போத்தலில் உயிருள்ள கொபிபொட் விற்கிறார்கள். பிரயோசனமா?

பதில்: தொட்டியில் ஊற்ற என்றால் மீனுக்கு ஒரு நாள் விருந்து, அவ்வளவுதான். வித்தாக வைத்து வளர்க்க என்றால் பிரயோசனம். இரண்டு போத்தலாகப் பிரித்து, காற்றை மெதுவாக விட்டு, தண்ணீர் இளம்பச்சையாகத் தெரியும் அளவுக்குப் பைட்டோபிளாங்டன் (நீரில் மிதக்கும் நுண்பாசி) ஊற்றி வாருங்கள். இரண்டு மூன்று கிழமையில் அறுவடை செய்யலாம். ஒன்று பழுதானாலும் மற்றது இருக்கும். வாங்கும்போது வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெள்ளைப் புள்ளிகள் துள்ளித்துள்ளி ஓட வேண்டும். சும்மா மிதந்தாலோ, மூடியைத் திறக்க அழுகல் மணம் வந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: மண்டரினுக்குப் பதில் கடற்குதிரை வைக்கலாமா? மகள் கேட்கிறாள்.

பதில்: அது இன்னும் சிரமம். கடற்குதிரைக்கு இரைப்பையே இல்லை, தின்றது தங்காது, நாளுக்குப் பல தடவை கொடுக்க வேண்டும். சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாத கொழும்புத் தொட்டி 29, 30 பாகை வரை போகும். அந்தச் சூட்டில் கடற்குதிரைக்குப் பக்டீரியா நோய் சுலபமாக வரும். 2004 முதல் நாட்டுக்கு நாடு விற்பதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும், எனவே எங்கிருந்து வந்தது என்று கடையில் கேளுங்கள். மகளுக்கு இப்போதைக்கு ஆர்ட்டீமியாப் போத்தலையும் ஒரு பூதக்கண்ணாடியையும் கொடுத்துப் பாருங்கள்.