கோப்பில் ஒரு குழந்தை: நாடு தாண்டிய தத்தெடுப்பு பற்றிய கேள்வி பதில்

நானும் கணவரும் டாலஸில் வசிக்கிறோம். அமெரிக்கக் குடிமக்கள், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) உள்ளவர்கள். 2018இல் ஒடிசாவிலிருந்து எங்கள் மகளைத் தத்தெடுத்தோம். அதன் பிறகு இதே வழியில் வரும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோப்புகளைப் படிக்க உதவி வருகிறேன். நான் வழக்கறிஞரோ மருத்துவரோ அல்ல. அவர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்பது மட்டும் இப்போது தெரியும். குழந்தை ஒதுக்கப்படும் கட்டம், அதாவது எல்லோரும் ரெஃபரல் என்று சொல்லும் கட்டம் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, நேற்று இரவு எங்களுக்கு ரெஃபரல் வந்தது. இரண்டே வயதுப் பெண் குழந்தை. 96 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டுமாம். படத்தைப் பார்த்து என் கணவர் அழுதார். எனக்கு எதுவும் தோன்றவில்லை. நான் தாயாகத் தகுதியற்றவளா? (நியூஜெர்சி)

முதலில் ஒரு வாய் சாப்பிடுங்கள். நேற்றிலிருந்து நீங்கள் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள்.

எங்களுக்கு வந்த படத்தில் மொட்டை அடித்த தலையும் விறைப்பான புதுச் சட்டையுமாக ஒரு குழந்தை கேமராவை முறைத்துக்கொண்டிருந்தது. எனக்கும் எதுவும் தோன்றவில்லை. படத்தின் ஓரத்தில் அதன் தோளைப் பிடித்திருந்த ஒரு கை மட்டும் கண்ணில் நின்றது. சிவப்புக் கண்ணாடி வளையல் போட்ட கை. இந்தக் குழந்தையை யாரோ இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான். பாசம் வர எனக்கு மாதங்கள் ஆயின.

நம் வீடுகளில் பெண் பார்க்கப் போனால் முகத்தைப் பார்த்ததும் பிடித்துவிட்டதா என்று கேட்பார்கள். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். நாடு தாண்டிய தத்தெடுப்புக்கான 1993ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் பொருத்தம் பார்க்கும் பொறுப்பு குழந்தையின் நாட்டுக்கு உரியது. குழந்தையின் பின்னணியையும் தேவையையும் உங்கள் குடும்ப ஆய்வறிக்கையோடு வைத்துப் பார்த்து, இந்த வீடு இந்தக் குழந்தைக்கு ஆகும் என்று அவர்கள் நினைத்ததால்தான் கோப்பு வந்திருக்கிறது. குழந்தைக்குத்தான் வீடு தேடுகிறார்கள். ஆகவே உங்களிடம் உள்ள கேள்வி ஒன்றுதான்: இந்த அறிக்கையில் எழுதியிருக்கும் குழந்தையை நாளை காலையிலிருந்து வளர்க்க நம்மால் முடியுமா? அதற்குப் படத்தை மூடி வைத்துவிட்டு குழந்தை ஆய்வறிக்கை, மருத்துவ அறிக்கை இரண்டையும் படியுங்கள். 96 மணி நேரம் என்பது குழந்தையை உங்கள் பெயரில் ஒதுக்கிவைக்கத்தான். அறிக்கைகளில் கையெழுத்திட்டு ஏற்றுக்கொள்ள அதன்பின் 30 நாள் இருக்கிறது. மருத்துவரிடம் காட்ட அந்த நாட்களைப் பயன்படுத்துங்கள்.

மருத்துவ அறிக்கையில் பிறந்த எடை 1.7 கிலோ, இப்போது 22 மாதத்தில் 8.4 கிலோ, ‘வளர்ச்சி தாமதம்’ என்று எழுதியிருக்கிறது. எங்கள் குழந்தை மருத்துவர் வேண்டாம் என்கிறார். (ஆஸ்டின்)

உங்கள் மருத்துவர் தாய் தந்தையோடு வளரும் குழந்தைகளையே தினமும் பார்ப்பவர். நாடு தாண்டித் தத்து வரும் குழந்தைகளுக்கென்றே அனுபவப்பட்ட மருத்துவர்கள் அமெரிக்காவில் பல பல்கலைக்கழக மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். கோப்பை அனுப்பினால் படித்துக் கருத்துச் சொல்வார்கள். அவர்களில் ஒருவரிடம் காட்டாமல் முடிவெடுக்காதீர்கள்.

காப்பகத்தில் மூன்று மாதம் இருந்தால் ஏறக்குறைய ஒரு மாத வளர்ச்சி பின்தங்கும் என்பது அந்த மருத்துவர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. அதனால் ஒரு நாளின் எடையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சேர்த்த நாளிலிருந்து எடுத்த எடை, உயரம், தலைச் சுற்றளவு எல்லாவற்றையும் தேதியோடு கேட்டு வாங்குங்கள். கோடு மெதுவாக ஏறினாலும் தொடர்ந்து ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். தலைச் சுற்றளவை மிகக் கவனமாகப் பாருங்கள். எடை குறைவை வீட்டுச் சாப்பாடு பெரும்பாலும் ஈடுகட்டிவிடும், தலை வளர்ச்சி நின்றுபோயிருந்தால் அது வேறு பேச்சு. ஹெபடைடிஸ் பி, எச்ஐவி சோதனைகளின் தேதியையும் பாருங்கள். பிறந்த புதிதில் செய்த சோதனை என்றால் மறுபடி செய்யச் சொல்லலாம்.

இன்னொன்று. குழந்தை ஆய்வறிக்கையில் ‘ஆயாவிடம் மட்டும் போகும், புதியவர்களைக் கண்டால் அழும்’ என்று இருந்தால் பலர் பயந்துவிடுகிறார்கள். எனக்கு அது மிக நல்ல செய்தியாகத் தெரியும். ஒருவரிடம் ஒட்டிக்கொள்ளக் கற்ற குழந்தை இன்னொருவரிடமும் ஒட்டிக்கொள்ளும். யாரிடமும் சிரித்துக்கொண்டே போய்விடும் குழந்தையைப் பற்றித்தான் கூடுதலாக விசாரிக்கச் சொல்வேன். எங்கள் மகளுக்குப் பிளவுபட்ட உதடு, ஒரு முறை அறுவை சிகிச்சை செய்திருந்தது. நாங்கள் அதைப் பற்றியே பேசிப் பேசிக் களைத்தோம். வந்த பிறகு எங்களைத் தூங்கவிடாமல் செய்தது உதடு அல்ல. வளையல் கைக்காரரைத் தேடி அவள் அழுத இரவுகள்தான்.

நாங்கள் துபாயில் இருக்கும் இந்தியக் குடிமக்கள். வெளிநாட்டவர் வரிசையில் வைப்பார்களா?

இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு இந்தியாவில் வசிப்பவர்களோடு சமமான முன்னுரிமை உண்டு. மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தில், அதாவது காராவில், பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டில் அங்கீகரிக்கப்பட்ட தத்து நிறுவனம் இருந்தால் அதன் வழியாக, இல்லாத நாடுகளில் அரசுத் துறை அல்லது இந்தியத் தூதரகம் வழியாகப் போக வேண்டும். ஆனால் சின்னக் குழந்தை, நோய் நொடி இல்லாத குழந்தை என்று கேட்டால் காத்திருப்பு மூன்று ஆண்டுக்கு மேல் போகிறது. எங்களைப் போன்ற ஓசிஐக்காரர்களும் வெளிநாட்டவரும் பின்னால் வருகிறோம்: சட்டப்படி தத்துக்கு உரியது என்று அறிவித்த 60 நாளில் இந்தியக் குடும்பம் கிடைக்காத குழந்தையே நாடு தாண்டிய தத்துக்கு வரும். உடல் குறைபாடு உள்ள குழந்தைகள், உடன்பிறந்தவர்கள், ஐந்து வயது கடந்தவர்கள்தான் எங்கள் வரிசைக்கு அதிகம் வருகிறார்கள்.

எச்-1பி வேலை விசாவில் அமெரிக்காவில் இருக்கிறோம். காராவில் பதிவு செய்துவிட்டோம். (சியாட்டில்)

தம்பி, ரெஃபரல் வரும்முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். இதில் மாட்டிக்கொண்டு அழுத குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஹேக் தத்துக்கான ஐ-800 மனுவை அமெரிக்கக் குடிமகனோ குடிமகளோதான் போட முடியும். குடியுரிமை இல்லாதவரின் தத்துக் குழந்தை, இரண்டு ஆண்டு அவரது சட்டப் பொறுப்பிலும் கூடவும் வாழ்ந்த பிறகே குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் அவர் குழந்தை ஆகும். இந்தியாவில் தத்து ஆணை கிடைத்தாலும், குழந்தையை அழைத்துவர விசா கிடைக்காது. உங்களில் ஒருவர் அந்த இரண்டு ஆண்டுகள் இந்தியாவில் தங்க முடியுமா என்று இப்போதே பேசுங்கள்.

என் தம்பியின் மூன்றாவது குழந்தையை எங்களுக்குத் தருவதாகச் சொல்கிறான். சொந்த ரத்தம், இதற்கும் இத்தனை சட்டமா? (சிகாகோ)

இதற்கும் உண்டு. தாய்மாமன், சித்தப்பா, அத்தை, தாத்தா பாட்டி போன்ற உறவினர் தத்து இந்தியச் சட்டத்தில் தனி வகை. அதுவும் காரா வழியாகத்தான். ஆனால் உங்கள் சிக்கல் அமெரிக்கப் பக்கத்தில். பெற்றோர் இருவரும் உயிரோடு இருந்தால், அவர்களால் குழந்தையைப் பராமரிக்க இயலவில்லை என்று காட்ட வேண்டும். வசதியாக வாழும் தம்பியின் குழந்தைக்கு அது நடக்காது. குடும்பத்துக்குள் பேசி முடித்து, குழந்தையின் மனத்திலும் ஆசையை விதைத்த பிறகு விசா மறுக்கப்பட்டால் அதன் நிலையை நினைத்துப் பாருங்கள்.

சொந்த ஊரில் ஒரு நர்ஸ், கல்யாணமாகாத பெண்ணின் குழந்தையை நேரடியாகத் தருவதாகச் சொல்கிறார். மூன்று லட்சம் கேட்கிறார். காத்திருந்து காத்திருந்து மனம் உடைந்துவிட்டது.

உங்கள் வலி புரிகிறது. ஆனாலும் கெஞ்சிக் கேட்கிறேன், அந்த நர்ஸின் தொலைபேசி எண்ணை அழித்துவிடுங்கள். பணம் கொடுத்துக் குழந்தை வாங்குவது சிறார் நீதிச் சட்டத்தில் ஐந்து ஆண்டுவரை கடுங்காவல் தண்டனைக்குரிய குற்றம்.

தண்டனையை விட்டுவிடுங்கள். 1990களின் கடைசியில் சென்னைத் தெருக்களில் ஏழைக் குழந்தைகள் திருடப்பட்டு, பொய்க் காகிதங்களோடு நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தத்துப் போனார்கள். 2005இல் காவல்துறை கைது செய்தபோதுதான் வெளியே வந்தது. வாங்கியவர்களுக்குத் தெரியாது, அவர்களும் உங்களைப் போல் ஏங்கியவர்கள்தான். இங்கே ஒரு தாய் பல ஆண்டுகள் தேடிக்கொண்டிருந்தாள். முறைப்படி ஒப்படைக்கும் தாய்க்குக்கூட மனம் மாறினால் திரும்பிவர 60 நாள் சட்டம் தருகிறது. அந்த நர்ஸின் ஏற்பாட்டில் அந்தப் பெண்ணுக்கு எத்தனை நாள்? குழந்தையைத் தர விரும்புவது உண்மை என்றால் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போகச் சொல்லுங்கள்.

‘என்ன ஜாதியோ, என்ன நிறமோ’ என்று மாமியார் புலம்புகிறார். வந்த பிறகு சரியாகிவிடுவாரா? (லண்டன்)

சரியாகலாம், ஆகாமலும் போகலாம். அதற்குக் குழந்தையைச் சோதனைப் பொருளாக்காதீர்கள். உங்கள் கணவர் இப்போதே, குழந்தை வரும்முன், தன் அம்மாவிடம் உட்கார்ந்து ‘என் மகள் காதில் இந்தப் பேச்சு விழக் கூடாது’ என்று சொல்ல வேண்டும். அவர்தான் சொல்ல வேண்டும், நீங்கள் அல்ல. அவரால் அதைச் சொல்ல முடியாது என்றால் ரெஃபரலை ஏற்பதைத் தள்ளிப் போடுங்கள்.

நாங்கள் யாழ்ப்பாணத்துப் பூர்வீகம், கனேடியக் குடிமக்கள். தமிழ்க் குழந்தைதான் வேண்டும். தமிழர் என்பதற்கு முன்னுரிமை உண்டா? (டொராண்டோ)

இனத்துக்கு முன்னுரிமை இல்லை. இந்திய வம்சாவளி என்று ஆவணத்தால் காட்ட முடியாவிட்டால் இந்தியாவில் நீங்கள் வெளிநாட்டவர் வரிசைதான். இலங்கையும் 1995 முதல் ஹேக் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அங்கே நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் வழியாகவே எதுவும் நடக்கும். 1980களில் அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன குழந்தைகளின் காகிதங்களில் இருந்த பொய்களை இன்று அந்தப் பிள்ளைகள் வளர்ந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே தாமதத்தைக் கண்டு சலிக்காதீர்கள்.

ஒரு குழந்தையை மறுத்துவிட்டோம். இதய அறுவை சிகிச்சை தேவைப்பட்ட பையன். ஆறு மாதமாகத் தூக்கமில்லை.

முடியாததை முடியாது என்று சொன்னீர்கள். அந்தக் கோப்பு வேறு குடும்பங்களுக்குப் போகும். முடியும் என்று கையெழுத்திட்டுவிட்டுப் பாதியில் கைவிட்டிருந்தால் அவன் இரண்டாவது முறை வீடிழந்திருப்பான். அடுத்த முறைக்கு முன் உங்கள் விருப்பப் பட்டியலை உண்மையாகத் திருத்துங்கள்.

ஏற்றுக்கொண்டாயிற்று! இனி எவ்வளவு நாள்? இப்போது என்ன செய்யலாம்? (ஹூஸ்டன்)

வாழ்த்துகள், அம்மா! ஐ-800க்கு முதல்கட்ட ஒப்புதல், ஹேக் ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவின்படி அமெரிக்கத் தூதரகம் தரும் கடிதம், காராவின் தடையில்லாச் சான்று, பிறகு ஆணை. எங்கள் காலத்தில் நீதிமன்றம். 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியர்தான் ஆணையிடுகிறார். அதன்பின் பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, விசா. மாதக் கணக்கில் ஆகும். வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

நிறுவனம் அனுமதித்தால் உங்கள் படங்கள் ஒட்டிய சின்ன ஆல்பம் அனுப்புங்கள். குழந்தை கேட்டு வளர்ந்த மொழியில் இருபது சொல்லாவது கற்றுக்கொள்ளுங்கள். முதல் இரவு புவனேஸ்வர் விடுதியில் எங்கள் மகள் ‘பாணி, பாணி’ என்று அழுதாள். ஒடியாவில் தண்ணீர். எனக்கு அந்த ஒரு சொல் தெரிந்திருந்தது. எழுந்து டம்ளரில் கொடுத்தேன். குடித்துவிட்டு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

காகிதம் எதையும் எறியாதீர்கள், காப்பகத்தில் சேர்த்தபோது குழந்தை போட்டிருந்த சட்டையைக் கொடுத்தால்கூட வாங்கி வையுங்கள். பின்னால் அவளே கேட்பாள். புறப்படும்முன் கால் அளவைச் சென்டிமீட்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். வயதைப் பார்த்து நாங்கள் வாங்கிப்போன மூன்று ஜோடிச் செருப்பும் பெரிதாக இருந்தன.